கஜானாவுக்கு வந்த மண்பானை

காரைக்குடியில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறார்கள். அரசாங்கக் கச்சேரிகளில் புழங்கும் பிறமொழிச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் திரட்டுவது அவர்கள் நோக்கம். "கஜானா என்பதற்கு என்ன எழுதலாம்? தாங்கள் இருபத்தெட்டு வருஷம் அதற்குள்ளேயே இருந்தவர்கள்" என்று போன மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். பொக்கிஷம், கருவூலம், பண்டாரம், நிதியறை என்று நான்கு சொற்களைக் குறித்து, சரியானதற்கு எதிரே ஒரு புள்ளி வைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

புள்ளி வைக்க எனக்குக் கை வரவில்லை. நான் பார்த்தவரை அந்த ஒரு சொல்லை ஜனங்கள் பல விதமாகப் பேசினார்கள். குடியானவர் "கஜானாவுக்குக் கட்டியாச்சு" என்றால் நிலவரிக் கிஸ்தி செலுத்தியாயிற்று என்று பொருள். 1914-இல் தொடங்கிய யுத்தம் நடந்த வருஷங்களில் "கஜானா காலி" என்று சந்தையில் பேசிக்கொண்டபோது, எங்கள் தாலுகா அறையை அவர்கள் சொல்லவில்லை. துரைத்தனத்தாரின் வரவு செலவு முழுவதையும் சொன்னார்கள். எங்கள் அறையில் அன்றைக்கும் மூட்டைகள் இருக்கத்தான் செய்தன. செட்டிமார் வீடுகளில் பொக்கிஷம் என்றால் வீட்டின் உள்கட்டில் இருட்டறை ஒன்று. மண்வெட்டி பிடிப்பவர்களுக்கு நிதி என்றால் பூமிக்குள் கிடப்பது. இந்தச் சொற்களில் எதை எழுதுவது என்பதில் ஒரு பெண்ணின் பிழைப்பும் என் மானமும் தொங்கிய காலம் ஒன்று உண்டு. புள்ளிக்குப் பதிலாக அதை எழுதி அனுப்புகிறேன்.

என் சொந்த ஊர் ஒக்கூர். நாங்கள் விவசாயக் குடும்பம். பத்தாவது வரை படித்துவிட்டு, தாலுகா கச்சேரியில் இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் எழுதி, பிறகு கஜானாவின் நோட்டக்காரன் ஆனேன். வருகிற ரூபாயைச் சுண்டிப் பார்த்து, நல்லதா கள்ளதா என்று சொல்வது நோட்டக்காரன் வேலை. அந்த உத்தியோகத்துக்குச் சொத்து ஜாமீன் கொடுக்க வேண்டும். என் அண்ணன் தன் பங்கு நிலம் இரண்டு ஏக்கரையும் எனக்காக ஜாமீன் எழுதிக் கொடுத்தார். "கையெழுத்துப் போட்டுட்டேன். இனி எனக்கு அதைப் பத்திச் சொல்லாதே" என்றார். அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

கள்ள நாணயம் வந்தால் கொண்டுவந்தவர் எதிரிலேயே அதை இரண்டாக வெட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. முதல் வருஷமே நேமத்தான்பட்டிப் பக்கத்துக் குடியானவர் ஒருவரின் ரூபாயை அப்படி வெட்டினேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு துண்டையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துவிட்டு, "இதை எனக்குக் குடுத்தவன் செத்துப்போனான்" என்று சொல்லி இடுப்பில் முடிந்துகொண்டு போனார். அன்று முதல் ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு முறை சுண்டிப் பார்ப்பேன்.

எனக்குப் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் ஆனபோது கரீம் சாகிப் எங்களுக்கு டிப்டி தாசில்தாராக வந்தார். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து மனிதர். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். கஜானா அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அவரிடம், மற்றது என்னிடம். இரண்டும் சேராமல் கதவு திறக்காது. எனக்கு முன்னிருந்த அதிகாரிகள் சாவியைச் சேவகனிடம் கொடுத்தனுப்பிவிட்டு நாற்காலியிலேயே இருப்பார்கள். சாகிப் அப்படிச் செய்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமே வந்து திறப்பார். அறை திறந்திருக்கும் நேரம் முழுவதும் உட்கார மாட்டார். பணத்தை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. பைகளை நான் எடுத்து வைக்க, ஒவ்வொன்றின் அரக்கு முத்திரையையும் குனிந்து பார்த்து, "சரி" என்று வாய்விட்டுச் சொல்வார். நூறு பை இருந்தால் நூறு முறை "சரி". ஒருநாள் ஒரு பையின் அரக்கில் நூலிழை போல ஒரு கீறல். எலி நடந்த கீறல் என்று எனக்குத் தெரியும். "எலின்னு உங்களுக்குத் தெரியுது. அடுத்து வாரவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, பையைப் பிரித்து எண்ண வைத்து, "அரக்கில் கீறல், தொகை சரி" என்று ரிஜிஸ்தரில் எழுத வைத்தார். மனிதரை நம்புவதில்லை, சந்தேகிப்பதுமில்லை. அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அப்போது எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு கோடைகால முற்பகல், வலையபட்டியிலிருந்து கிராம முன்சீப் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் தலையில் கூடை, கூடைக்குள் கழுத்து உடைந்த மண்பானை. பெயர் ராக்கு. கூலிக்கு மண் சுமப்பவள். நாற்பது வயதிருக்கலாம். விசாலாட்சி ஆச்சி என்பவர் தம் பழைய வீட்டுக்குப் பின்கட்டில் புதிதாகக் கட்டடம் எழுப்ப, அங்கே அடித்தளத்துக்குத் தோண்டும்போது கடப்பாரை இந்தப் பானையில் பட்டிருக்கிறது. மண்ணை அள்ளியவள் ராக்கு. பானைக்குள் செம்மண் இறுகி, அதில் வெள்ளி விளிம்புகள் தெரிந்திருக்கின்றன.

"மேஸ்திரி மூடிப் போட்டுட்டு அப்பறம் பிரிச்சுக்கலாம்னாரு," என்றாள் ராக்கு. "நாலு பேரு பாத்துட்டோம்யா. ஒருத்தரு வாயைத் தொறந்தா நாலு பேருக்கும் செயிலு. எம் புருசன் செய்யாத களவுக்கு ஆறு மாசம் உள்ள கெடந்தவரு. வெளிய வந்து நாலு மாசம் இல்லை, போய்ச் சேந்துட்டாரு. எனக்கு அந்த வாசப்படி வேண்டாம். அதான் முன்சீப்பைக் கூட்டிக்கிட்டு இங்குட்டு வந்துட்டேன்."

சட்டம் தெளிவாக இருந்தது. மண்ணில் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வைத்தவர் யாரென்று தெரியாவிட்டால் நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு. ஆனால் நூறு வருஷத்துக்குள் தம் முன்னோர் வைத்தது என்று ஒருவர் நிரூபித்துவிட்டால் முழுவதும் அவருக்கே. சாகிப் இதை ராக்குவுக்கு இரண்டு முறை சொன்னார். அவள் மூன்று பங்கு என்ற இடத்தில் தலையை நிமிர்த்தினாள். மற்றதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

நான் ரிஜிஸ்தரைத் திறந்து "புதையல்" என்று எழுதப் போனேன். சாகிப் என் கையைத் தடுத்தார்.

"புதையல்னு எழுதினா யாருக்கும் சொந்தமில்லைன்னு நாமளே தீர்ப்புச் சொன்னதா ஆயிரும். பொக்கிஷம்னு எழுதினா யாரோ வச்சதுன்னு ஆயிரும். மண்பானை ஒண்ணு, உள்ளே இருப்பதோடன்னு எழுதுங்க. எடை போடுங்க. மண்ணோடயே போடுங்க."

பானையை மரப்பெட்டியில் வைத்து, துணி சுற்றி, சாகிப் முத்திரையும் என் முத்திரையும் இட்டு அறைக்குள் வைத்தோம். கலெக்டருக்கு எழுதி, பிரித்துப் பார்க்க உத்தரவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் விசாலாட்சி ஆச்சியிடமிருந்து மனு வந்துவிட்டது. பானை தம் பாட்டனார் வைத்த குடும்பப் பொக்கிஷம் என்று அதில் எழுதியிருந்தது.

உத்தரவுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஊரணியில் குளித்துவிட்டுப் படியேறிக்கொண்டிருந்தேன். ஆச்சி வீட்டுக் காரியஸ்தர் மேல்படியில் நின்றார். எனக்கு முன்பே பழக்கமான மனிதர். கிஸ்தி கட்ட வருகிறவர்.

"ஆச்சி வீட்டுச் சொத்துங்கிறது எனக்குத் தெரியும்," என்றார். "அந்தப் பாட்டையா கலகக் காலத்துல பின்கட்டுல எதையோ பொதைச்சாருன்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா வாய்ப்பேச்சை எந்த கோர்ட்டு கேக்கும்? உள்ள பழைய ஆற்காட்டு ரூபாயாவே இருந்துச்சுன்னா, எரநூறு வருசம்னு தள்ளிருவாக. விக்டோரியா ராணி தலை போட்ட கம்பெனிக் காசு ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும். அது அடிச்சு நூறு வருசம் ஆகலைல்ல?"

"இருந்தா வெளிய வரும்," என்றேன்.

"வரலைன்னா? ஒண்ணையும் எடுக்கச் சொல்லலை நோட்டக்காரரே. ஒண்ணு போடத்தான் சொல்றேன். கஜானாவுக்கு ஒரு ரூபாய் கூடினா யாருக்கு நட்டம்? உங்க அண்ணன் மகன் படிச்சிட்டுச் சும்மா இருக்கான்ல. ரங்கூன் கடைக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். அடுத்த கப்பல்ல போகலாம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் முகம் வந்து முன்னால் நின்றது. என் துண்டின் நுனியில் ஒரு ராணிக் காசை முடிந்துவிட்டு அவர் போய்விட்டார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எதிர்க் கரையில் யாரோ பல் துலக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்தக் காசைத் தகரப் பெட்டியில் என் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். அதை உபயோகிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. நாட்கள் போகப் போகச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

பானையைப் பிரித்த அன்று மேசையைச் சுற்றி ஆறு பேர். சாகிப், முன்சீப், இரண்டு சாட்சிகள், ஆச்சிக்காகக் காரியஸ்தர், ராக்குவுக்காக அவளும், தனக்கும் ஒரு பங்கை எதிர்பார்த்த மேஸ்திரியும் சேர்ந்து ஒரு ஆள் இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்படிப் பார்த்தால் ஏழு பேர். நான் அகலமான பித்தளைத் தட்டில் பானையைச் சாய்த்து, மூங்கில் சீவலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினேன். ஆற்காட்டு ரூபாய்கள், மிளகளவு தங்கப் பணங்கள், நெளிந்த காப்பு ஒரு ஜோடி. பெயர்ந்த மண்கட்டிகளை வீசிவிடப் போனேன். சாகிப் வேண்டாமென்றார். ஒவ்வொரு கட்டியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எந்தக் காசோடு வந்தது என்று எண் போட்டு, அதற்கும் அரக்கு வைத்தார். சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

பானையின் நடுவயிற்றிலிருந்து ஒரு பெரிய கட்டி வந்தது. அழுத்தியதும் இரண்டாகப் பிளந்தது. பச்சைக் களிம்போடு ஒட்டிக்கொண்டு இரண்டு ரூபாய்கள். கீழே இருந்தது ஆற்காடு. மேலே இருந்ததைத் திருப்பினேன். ராணியின் தலை.

திருப்பிய கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அதை எல்லோரும் பார்த்தார்கள். காரியஸ்தர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் அவருக்குக் காரியம் முடித்துக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். அந்தத் தலையசைப்பையும் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்தேன். காகிதங்களுக்கு அடியில் அவர் கொடுத்த காசு அப்படியே இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கலெக்டர் கச்சேரியிலிருந்து ஒரு மனுவின் நகல் வந்தது. மேஸ்திரி அனுப்பியது. நோட்டக்காரனும் காரியஸ்தரும் ஊரணிக் கரையில் இரகசியம் பேசியதைத் தன் கண்ணால் கண்டதாகவும், நாணயத்தில் பழகிய விரல்களால் நோட்டக்காரன் கைக்குள் மறைத்து அந்தக் காசைப் போட்டுவிட்டதாகவும் ஆள் வைத்து எழுதுவித்திருந்தார். விசாரித்து அறிக்கை அனுப்பச் சாகிப்புக்கு உத்தரவு.

மறுநாள் காலை, கச்சேரி கூடுவதற்கு முன்பே நான் சாகிப் முன்னால் போய் நின்று, தகரப் பெட்டியிலிருந்த காசை மேசைமேல் வைத்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு?"

"பதினெட்டு நாள்."

"பதினெட்டு நாளும் என் சாவிக்குப் பக்கத்துலயே உங்க சாவியைப் போட்டுத் திறந்தீக," என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. என் இருபத்தெட்டு வருஷத்தில் அதைவிடக் கடுமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

விசாரணையன்று பழைய சாட்சிகள் எல்லோரையும் வரவழைத்தார். அரக்கு வைத்த காகிதப் பொட்டலங்களில் அந்தப் பெரிய கட்டிக்குரியதை எடுத்தார். முத்திரையைச் சாட்சிகளிடம் காட்டிப் பிரித்தார். பிளந்த மண்கட்டியின் உள்பக்கத்தில் ஒரு வட்டக் குழி. அந்தக் குழியில் ராணியின் முகம், கொண்டை, எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகப் பதிந்திருந்தன. பானைக்குள்ளிருந்து வந்த ராணிக் காசை அதில் வைக்கச் சொன்னார். ஒரு நெல்முனை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அடியில் இருந்த ஆற்காட்டு ரூபாயின் களிம்பு இதன் மறுபக்கத்தில் அதே வடிவில் இருந்தது. என் பெட்டியிலிருந்த காசையும் வைக்கச் சொன்னார். வேறு அச்சில் அடித்த அது விளிம்பில் ஏறி நின்றது. சாட்சிகள் சிரிக்கவில்லை. மேஸ்திரி கட்டியை இரண்டு முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, கைநாட்டு வைத்தார்.

என் மேல் விழுந்த பழி அந்த மண்ணால் நீங்கியது. ஆனால் காசு அசல் என்று ஆனதும், பானை நூறு வருஷத்துக்குள் வைக்கப்பட்டது என்பதும் உறுதியாயிற்று. அறையின் ஓரத்தில் நின்றிருந்த ராக்கு இதெல்லாம் என்னவென்று முன்சீப்பிடம் கேட்டாள். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் பக்கம் பார்க்க முடியவில்லை. சாகிப் என்னிடம், "காசு பானைக்குள்ளதான் இருந்ததுன்னு சத்தியமாச் சொல்லிக் கையெழுத்துப் போடுறீகளா?" என்று கேட்டார். போட்டேன். அந்தக் கையெழுத்தில்தான் என் அண்ணன் நிலம் தப்பியது, அவளுக்கு வரவேண்டிய மூன்று பங்கும் போயிற்று.

சாகிப் இரண்டு அறிக்கை எழுதினார். நாணயம் அசல், நோட்டக்காரன் எதையும் சேர்க்கவில்லை என்று ஒன்று. காரியஸ்தர் வந்ததையும் காசு கொடுத்ததையும் நோட்டக்காரன் மறைத்தான் என்று மற்றொன்று. எனக்கு அரைமாதச் சம்பளம் அபராதம் விதித்தார்கள். சர்வீஸ் புத்தகத்தில் கறுப்புக் குறிப்பு ஏறியது. ஜில்லா கஜானாவுக்கு மாற்றலாகிப் போக எனக்கு இருந்த வாய்ப்பு அதோடு முடிந்தது. இரண்டு அறிக்கையையும் அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினார். தவறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆச்சி தரப்பில் கோர்ட்டுக்குப் போனார்கள். பாட்டனார் கைப்பட எழுதிய பழைய ஓலைக் குறிப்பு ஒன்றில் காப்பு ஜோடியின் விவரம் இருந்தது. வருஷம் ஒன்றுக்குமேல் ஆகித் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

பானையை ஒப்படைத்த அன்று விசாலாட்சி ஆச்சி தாமே மாட்டுவண்டியில் வந்தார். அறுபது வயதைக் கடந்தவர், வெள்ளைப் புடவை, காதில் ஒன்றும் இல்லை. காரியஸ்தரை எப்போதோ வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "எங்க வீட்டு நெசத்தைக் காட்டப் பொய்யைத் தூக்கிட்டுப் போயிருக்கான். நான் அனுப்பலை. ஆனா என் சோத்தைத் தின்னவன்" என்றார். ராக்குவையும் வரச் சொல்லியிருந்தோம். தனக்கு உரிமை இல்லை என்று அவள் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. வைத்தாள். மையைச் சுவரில் தேய்க்காமல் சேலை நுனியில் துடைத்துக்கொண்டாள்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆச்சி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் சாகிப்பிடம், "எங்க பாட்டையாவோடது இல்லைன்னு ஆகியிருந்தா எனக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒரு பங்கு. அவுகளுக்கு மூணு."

ஆச்சி காப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பங்கு தர என் மனசு வரலை," என்றார். "பொய் சொல்ல மாட்டேன். எனக்குன்னு சட்டம் வச்ச ஒரு பங்கை அவளுக்குப் பிரிங்க."

பிரித்துக் கொடுத்தேன். ராக்கு முதலில் கை நீட்டவில்லை. ஆச்சி, "வாங்கிக்க. இது உன் கூலி இல்லை, நீ மூடிப் போடாம வந்ததுக்கு" என்றார். ராக்கு வாங்கி முந்தானையில் இறுக்கி முடிந்தாள். கும்பிட்டாள். ஆச்சியின் வண்டி கிளம்பிப் போயிற்று.

நான் அறையைப் பூட்டிவிட்டு, என் சாவியைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ராக்கு இன்னும் போகவில்லை. படிக்குக் கீழே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்யா. காசை யாரோ போட்டுட்டாகன்னு எங்க ஆளுக இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக. மண்ணைக் காட்டினாக, கட்டியைக் காட்டினாக, எனக்கு ஒண்ணும் வெளங்கலை. நீங்க சொல்லுங்க. அந்தக் காசு நெசமாவே உள்ளதான் கெடந்துச்சா?"

"உள்ளதான் கிடந்துச்சு," என்றேன்.

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"அப்பச் சரிய்யா. போயிட்டு வாரேன்," என்று சொல்லி, வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலையபட்டிப் பாதையில் நடந்தாள்.